அண்ணி தொட்டுப் பார்க்காத வால்வு

நாத்தனார் அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் குறை சொல்லத்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் தப்பில்லை. உலகம் எங்களைப் பற்றி அப்படித்தான் பேசி வைத்திருக்கிறது. இந்தக் கதையில் குறை சொல்லப்படப் போகிறவன் என் கூடப் பிறந்த அண்ணன். வயதில் மூத்தவனை அவன் இவன் என்று எழுதுகிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். படித்து முடிப்பதற்குள் உங்களுக்கும் அப்படித்தான் வாயில் வரும்.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவளைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டுக் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். இரண்டடி நடந்து திரும்பி வந்து மறுபடியும் தொடுவாள். வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், குழாயைத் திருகிப் பார்ப்பாள். இது என்ன வியாதி என்று அண்ணனிடம் கேட்டேன். வியாதி இல்லை, வேலைப் பழக்கம் என்று சிரித்தான். அவன் பராமரிப்பு ஆளாக இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில்தான் அவளும் இருந்தாள். அங்கே பார்த்துப் பிடித்துப்போய்த்தான் கட்டிக்கொண்டான்.

அவள் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், பெட்டி பார்ப்பது. அந்தக் கூடத்தில் மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களை வெளியே வைத்து வளர்க்கிறார்கள். தான் வெளியே வந்துவிட்டோம் என்பது செல்லுக்குத் தெரியவே கூடாதாம். அதற்காக உடம்புச் சூடு மாறாமல், ஈரம் குறையாமல், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றில் பூட்டி வைக்கிறார்கள். அப்படிப் பூட்டி வைக்கும் இன்குபேட்டரைத்தான் அண்ணி பெட்டி என்பாள். பார்க்கச் சின்ன ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும், திறந்தால் முகத்தில் வெதுவெதுப்பு அடிக்கும். உள்ளே அடியில் ஒரு தட்டில் தண்ணீர். அதைக் கிருமி நீக்கிய தண்ணீராக மாற்றுவது, தட்டுகளைக் கழற்றி ஆல்கஹால் தெளித்துத் துடைப்பது, கதவு ரப்பரின் மடிப்பில் பூஞ்சை ஒளிந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பது, காட்டும் சூடும் உண்மைச் சூடும் ஒன்றுதானா என்று தனி வெப்பமானி வைத்துச் சோதிப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. யாராவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினால், "உள்ள குளிருதாம், சாத்தச் சொல்றாங்க" என்பாள். பெரிய படிப்புப் படித்தவர்களும் சிரித்துக்கொண்டே சாத்திவிடுவார்களாம்.

அந்த அறை அவளுக்கு உயிர். எங்கள் வீட்டில் அவளுக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூடக் கிடையாது. அங்கே ஒரு அறை முழுக்க அவள் சொன்னபடி கேட்டது. குழந்தை இல்லை என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சிந்தும்போதெல்லாம் அவள் கண்டுகொள்ளவே மாட்டாள், வேலைக்குக் கிளம்பிவிடுவாள். சாயங்காலம் வந்து, இன்றைக்கு எந்தப் பெட்டி வியர்த்தது, யாருடைய செல் நன்றாகப் பரவியிருக்கிறது என்று என்னிடம் சொல்வாள். நான் துணி தைத்தபடி உம் கொட்டுவேன். இப்படியே எனக்கும் பாதி வேலை தெரிந்துபோனது.

அண்ணனோ ஊருக்கெல்லாம் நல்லவன். பல்பு போனாலும் குழாய் ஒழுகினாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான், போகிற இடத்தில் ஒரு ஜோக் அடிப்பான். தங்கமான மனுஷன் என்று பேர். பெட்டிகளுக்குப் போகும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை மாற்றுவதும் அவன் வேலைதான். காற்று குறைந்தால் அலற வேண்டிய பஸ்ஸரின் வயரை அவன் எப்போதோ பிடுங்கி வைத்திருந்தான். கதவை ஒரு நிமிஷம் கூடுதலாகத் திறந்தாலே அது கத்தித் தொலைத்தது. அது வாயை மூடியதில் அந்தக் கட்டிடத்தில் எல்லாருக்குமே நிம்மதி.

சிலிண்டரை யார் மாற்றினாலும் அண்ணி போய் வால்வைக் கையால் திருகிப் பார்ப்பாள். ஏனென்றால் ரெகுலேட்டரில் அழுத்தம் காட்டும் முள்ளை நம்பக் கூடாது. வால்வைத் திறந்து மூடிவிட்டாலும் குழாயில் தேங்கிய வாயுவுக்கு முள் கொஞ்ச நேரம் நிறைவாகவே காட்டும். அவள் இப்படித் தொட்டுப் பார்ப்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், கேலியும் செய்வார்கள். அண்ணன் மட்டும் ஒருமுறை கோபித்துக்கொண்டான். மற்றவர்கள் எதிரில் கட்டின பெண்டாட்டியே தன் வேலையைச் சந்தேகப்பட்டால் தனக்கு என்ன மரியாதை என்று வீட்டில் வந்து குதித்தான். அன்றிலிருந்து அவன் மாற்றிய சிலிண்டரை மட்டும் அவள் தொடுவதில்லை. அடுப்புக் குமிழை நம்பாதவள் அவனை நம்பினாள்.

தொடர் விடுமுறைக்கு முந்தின நாள் அண்ணன் சிலிண்டர் மாற்றினான். வால்வைத் திறந்தான், கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவினான், கசிந்தது. வால்வை மூடினான், நட்டை இறுக்கினான். அதற்குள் மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான். திறக்க மறந்துவிட்டான். அண்ணி கிளம்பும்போது முள்ளைப் பார்த்தாள், நிறைந்திருந்தது. அவர் போட்டதுதானே என்று வந்துவிட்டாள். விடுமுறை முழுக்கக் கட்டிடம் பூட்டிக் கிடந்தது.

விடுமுறை முடிந்து முதல் ஆளாக அவள்தான் உள்ளே போனாள். பெட்டியின் உள் கண்ணாடிக் கதவு வழியாகவே தெரிந்துவிட்டதாம். செல்கள் மிதக்கும் திரவம் சிவப்பாக இருக்க வேண்டும். எல்லாப் புட்டியிலும் அது ஊதாவாக மாறியிருந்தது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு இல்லையென்றால் அப்படித்தான் ஆகும், செல்களும் செத்துப்போகும். ஓடிப்போய் வால்வைப் பிடித்தாள், இறுக மூடியிருந்தது. திறந்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஏற்கெனவே வேறொரு தவறுக்காக அவனுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள், இன்னொன்று என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரெகுலேட்டர் சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிடலாம், பொருள் மேல் பழி போனால் மனுஷனுக்குச் சேதமில்லை என்றான். "நாம ரெண்டு பேரும் ஒரே பேச்சா நிப்போம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

செத்த செல்கள் சாதாரணமானவை இல்லை. ஒரு ஆராய்ச்சி மாணவி மாதக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்தது அதில் இருந்தது. அந்தப் பெண் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாளாம். அண்ணிக்கும் அழுகை வந்தது, ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. பெரிய மேடம் என்று எல்லாரும் சொல்லும் தலைமை விஞ்ஞானி முதலில் அவளைத்தான் கூப்பிட்டார். ரெகுலேட்டர் சிக்கிக்கொண்டது, நான் வந்து தட்டிச் சரிசெய்தேன் என்று பொய் சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், வியர்த்துக் கொட்டியிருக்கும். அடுத்து அண்ணன் உள்ளே போனான். வெளியே வந்து அவள் தோளைத் தட்டி, எல்லாம் சரியாகிவிடும் என்றான். அன்று ராத்திரி அவன் தட்டில் இரண்டாவது முறை அவளாகவே பரிமாறினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். பெரிய மேடம் அண்ணியை மறுபடியும் கூப்பிட்டார். ரெகுலேட்டரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. ஆனால் மேடம் கத்தவில்லை, மெதுவாகத்தான் பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் அன்னைக்கே சொல்லிட்டாரு. தொட்டுப் பாக்குற பழக்கத்துல நீங்கதான் வால்வ மூடியிருக்கணும்னு. சொல்றப்ப அவர் கண்ணுல தண்ணி. அவர் மேல கோவப்படாதீங்க."

அண்ணி அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். அந்தச் சிலிண்டரை நான் தொடவே இல்லை என்றாள். முதலில் ஒன்று, இப்போது ஒன்று, நான் எதை நம்புவது என்று மேடம் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கூட வேலை செய்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், அந்தம்மா எப்போதும் வால்வைத் திருகிப் பார்ப்பார் என்று எல்லாருமே சொல்லியிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவள் எவ்வளவு கவனமானவள் என்பதே அவளுக்கு எதிரான சாட்சி ஆனது. அண்ணன் மாற்றியதை மட்டும் தொடமாட்டாள் என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள், ஒருத்தி நான், இன்னொருத்தன் அது தெரிந்தே அவளை மாட்டிவிட்டவன்.

அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கட்டின மனைவி என்றும் பார்க்காமல் உண்மை பேசியதற்காக அண்ணனுக்குக் கூடத்தில் மதிப்பு ஏறியது. பழைய எச்சரிக்கையைக்கூடத் தள்ளுபடி செய்தார்களாம்.

அன்று அவள் வழக்கத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்தாள். வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே நான் எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அழவில்லை. அவன் வரட்டும், நாலு கேள்வி கேட்கிறேன் என்று நான் எழுந்தேன். வேண்டாம், நானே கேட்கிறேன், நீ வாயை மட்டும் திறக்காதே என்றாள். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணன் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தான். வாங்கி வந்த விதத்திலேயே அவனுக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்தது. முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வரும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"என்னங்க, நான்தான் மூடினேன்னு சொன்னீங்களா?"

அவன் மறுக்கவில்லை. துண்டை மடித்துக்கொண்டே, பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி விளக்கினான். ரெகுலேட்டரைச் சோதனைக்கு அனுப்பப் போவது உள்ளே போன பிறகுதான் தெரிந்ததாம். இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொன்னால் இரண்டு வேலையும் போகும், ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா என்று தோன்றியதாம். அவன் சம்பளம் பெரிதாம். வீடு ஓட வேண்டுமாம். அந்த நேரத்தில் வேறு வழியில்லையாம்.

"வெளிய வந்ததும் என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒரு வாரம் இருந்துச்சே."

"சொன்னா நீ போய் உண்மைய சொல்லிட்டேன்னா?"

அண்ணி யாருக்கோ கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே போய் சொல்லியிருப்பேன், நான்தான் மூடினேன்னு. உங்களுக்காகப் பொய் சொல்லத்தானே முதல்ல உள்ள போனேன்."

அதைக் கேட்டு அவன் தலை குனிந்திருந்தால், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால், நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அவன் முகம் தெளிந்தது. பாரம் இறங்கினவன் மாதிரி மூச்சு விட்டான்.

"அட, அப்ப எல்லாம் ஒண்ணுதானே. எப்படியும் இதேதானே நடந்திருக்கும்" என்றான். சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துத் துடைத்து அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. அவள் சொல்லியிருந்ததை மீறி நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது, அச்சில் ஏறாது. அவன், பொம்பளைங்க ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா என்று சிரிக்கப் பார்த்தான். நான் பேசி முடிப்பதற்குள் அண்ணி எழுந்து உள்ளே போய்த் தன் தலையணையை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்துவிட்டாள்.

இப்போதும் என் அறையில்தான் படுக்கிறாள். எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சமைக்கிறாள், அவன் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், குறை ஒன்றும் வைப்பதில்லை. எந்தப் பெட்டி வியர்த்தது என்று சொல்ல அவளுக்கு எதுவும் இல்லாததால் சாயங்காலங்களில் நான்தான் பேசுகிறேன். அண்ணன் அவ்வப்போது சமையலறையில் என்னை ஓரங்கட்டி, உன் அண்ணிக்குக் கோபம் எப்போது தணியும் என்று கேட்கிறான். அவளிடம் கோபமே இல்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டிருப்பாள், சண்டை போட்டால் ஒருநாள் சமாதானமும் ஆகியிருப்பாள். இது அவனுக்குத் தெரியவில்லை. காத்திருக்கிறான். நானும் சொல்லவில்லை.