ஆவணி என்று சொன்ன வாய்

ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிஷம். டாக்டரின் மேஜையில் முதலில் கண்ணில் பட்டது நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

டாக்டர் என்பவர் அருப்புக்கோட்டையில் என் பழைய சிநேகிதர். மூட்டு வலிக்கு மருந்து வாங்க நான் போயிருந்தேன். அவருக்கு எதிரே சுந்தரராஜன் நின்றிருந்தான். பட்டணத்தில் கடைசி வருஷ மருத்துவப் படிப்பு. மூன்று மாதம் அவரிடம் தொழில் பழக வந்தவன்.

பத்திரிகை மல்லாங்கிணறு மளிகைக்கடைக்காரர் சங்கரலிங்கத்தின் வீட்டிலிருந்து. அவர் மனைவி கோவிந்தம்மாளுக்கு வயிற்றில் கட்டி. அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. அவர்களுடைய ஒரே மகளுக்குத்தான் கல்யாணம்.

டாக்டர் பத்திரிகையை இரண்டு தடவை படித்தார்.

"ஆவணின்னு போட்டிருக்கு. இவுகளுக்கு ஆவணின்னு யார் சொன்னா?"

சுந்தரராஜன் பத்திரிகையை எட்டிப் பார்த்தான்.

"நான்தான் சார். அந்தம்மா 'மக கல்யாணத்தை ஆனியிலயே முடிச்சிரவா, ஆவணிக்குத் தள்ளவா'ன்னு கேட்டாங்க. ஆவணிக்குள்ள எந்திரிச்சு நடப்பீங்கன்னு சொன்னேன். ஒரு ஆறுதலுக்கு..."

"உம்ம ஆறுதல் அச்சாகி வந்திருக்கு. பாரும்."

ஆவணிக்கு முன்னால் ஆடி வருகிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லை. கோவிந்தம்மாள் ஆடியைத் தாண்டுவாள் என்று டாக்டர் நம்பவில்லை. தாய் போனால் ஒரு வருஷம் அந்த வீட்டில் மேளம் கிடையாது. அவள் மகள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மிச்சம் இருந்தது ஆனியின் கடைசி முகூர்த்தம். அதற்கு ஒன்பது நாள்தான்.

எட்டரை மணி பஸ்ஸில் மூவரும் மல்லாங்கிணற்றுக்குக் கிளம்பினோம். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம்; கரிப்புகையில் ஓடுகிற பஸ். ஏற்றத்தில் இரண்டு தடவை நின்றது. இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல்... ஒரு பச்சை கிடையாது. சுந்தரராஜன் ஜன்னலைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். சொல்லப்போவதை மனப்பாடம்!

"வசனமெல்லாம் வேண்டாம்," என்றார் டாக்டர். "பாயில உக்காரும். நின்னுக்கிட்டுப் பேசுறவன் கிளம்பப் போறவன்னு நோயாளிக்குத் தெரியும். கேட்டதுக்குப் பதில் சொல்லும்."

கொஞ்சம் கழித்து வேறு குரலில் சொன்னார்: "தப்பு உம்மது மட்டுமில்ல. குணமாகாதுன்னு புருஷன்கிட்ட மட்டும், அதுவும் நாள் கணக்குச் சொல்லாம, வாசல்ல சொல்லிட்டு வந்தவன் நான்."

நம் ஊர்களில் வழக்கம் அதுதானே? நாடி பிடிப்பது உள்ளே. விஷயத்தைச் சொல்வது வாசலில், செருப்பை மாட்டும்போது, வீட்டு ஆண்பிள்ளையிடம். யாருக்கு நோயோ அவருக்கு மட்டும் அது தெரியக்கூடாது. மருத்துவப் பரீட்சையில் எலும்பைக் கேட்கிறார்கள், நரம்பைக் கேட்கிறார்கள். பாயில் உட்கார்ந்து என்ன பேசுவாய் என்று கேட்கிறார்களா?

வாசலில் சங்கரலிங்கம் வழி மறித்தார்.

"அவகிட்டச் சொல்லிராதீக டாக்டரய்யா. இப்பவே உசுர விட்டுருவா."

"நாங்களா எதையும் திணிக்க மாட்டோம். ஆனா அவுக கேட்டா, பொய் சொல்ல மாட்டோம்."

டாக்டர் வாசலிலேயே நின்றுகொண்டார். சுந்தரராஜன் தனியாக உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தான். இடையில் ஓர் ஓலைத் தட்டிதான். இடுக்கு வழியே உள்ளே தெரிந்தது; பேசியதெல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"என்ன தம்பி, கல்யாணத்துக்கு இன்னும் நாள் கெடக்கே. இப்பவே பந்திக்கு எடம் புடிக்க வந்துட்டீகளா?"

"இல்லம்மா. அன்னைக்கு நான் ஆவணின்னு சொன்னேன்ல... அது தப்பு."

"எது தப்பு? தேதியா, நானா?"

அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். டாக்டர் நகரவில்லை.

"ஆவணிக்கு இருக்க மாட்டனா தம்பி?"

சுந்தரராஜன் பாயில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தான்.

"இருப்பீங்கன்னு என்னால சொல்ல முடியலம்மா. இந்த ஆனியில வச்சா பக்கத்துல உக்காந்து பாக்கலாம்னு நெனைக்கிறேன். வலிக்கு மருந்து நான் கொண்டாந்து குடுக்கிறேன்."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"எனக்கு ஒடம்பு சொல்லிருச்சு தம்பி. ஆனா நீங்க படிச்சவுக. நீங்க அப்படிச் சொல்லவும், நாந்தான் தப்பா நெனச்சிட்டேன் போலன்னு இருந்துட்டேன்."

பிறகு குரலை உயர்த்தினாள்.

"ஏங்க... அங்க நிக்கிறவுகளெல்லாம் உள்ள வாங்க. கட்டி என் வயித்துல இருக்கு. அதப் பத்தின பேச்சு மட்டும் வாசல்லயா?"

சங்கரலிங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கோவிந்தம்மாள் அவரிடம் முதலில் கேட்டது, சம்பந்தி வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்று. இரண்டாவது, ஐந்நூறு பத்திரிகையும் அச்சாகிவிட்டதே, என்ன செய்வது என்று. யுத்தக் கட்டுப்பாட்டில் மறுபடி அடிக்கக் காகிதம் கிடைக்காது. மங்கல காரியத்தில் அடித்துத் திருத்தக் கூடாது. கடைசியில் அவளே வழி சொன்னாள்: பழைய தேதி மேல் புதுத் தேதி எழுதிய மஞ்சள் காகிதத் துண்டு ஒட்டுவது. அன்று மத்தியானம் வரை சுந்தரராஜன் பசை தடவினான்.

சம்பந்தி வீட்டார் சம்மதித்தார்கள்; ஆனி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. கோவிந்தம்மாள் இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள்.

ஆடி மூன்றாவது வாரம் மல்லாங்கிணற்றிலிருந்து டாக்டர் வீட்டுக்கு, ஓரத்தில் கறுப்பு தடவிய கார்டு ஒன்று வந்தது. விலாசத்தில் முதலில் சுந்தரராஜன் பெயர் இருந்தது.