மஞ்சள் பெயிண்ட் வைத்த நட்டு

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். தேதி பார்க்காமல் பால் பாக்கெட்டைப் பிரிக்க மாட்டேன். ரூமில் என் செருப்பு ஓர் அடி நகர்ந்திருந்தால், யார் போட்டுக்கொண்டு போனது என்று விசாரணை வைப்பேன். துபாயில் அல் குசைஸ் பகுதியில் பழைய கார்களைச் சரிசெய்யும் ஒரு கராஜில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். என்னை அங்கே நிலைக்க வைத்தது இந்தக் குணம்தான் என்று வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அமெரிக்க வண்டி வந்த அன்றே எனக்குள் ஏதோ உறுத்தியது. அறுபதுகளின் கடைசியில் செய்த வண்டி. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, ஸ்டார்ட் செய்தால் கராஜ் தகரமே அதிரும். அதன் சொந்தக்காரர் ஐம்பது வயது உள்ளூர் அரபி. பவர் ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு மேனுவல் ஸ்டீயரிங் போட வேண்டும் என்றார். அதற்கான சாமான்களையும் அமெரிக்காவிலிருந்து வரவழைத்து அட்டைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். ஒரு விரலால் திருப்பிக்கொண்டிருந்த வண்டியை, இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்பும்படி மாற்றச் சொல்கிறார். எந்தப் புத்தியுள்ள மனிதர் இதைக் கேட்பார்? பிறகு ஏதாவது ஆனால் நம் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று மேனேஜரிடம் சொன்னேன்.

மேனேஜர் மலையாளி. கோயம்புத்தூரில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். "கஸ்டமர் கேட்டா செய்ய வேண்டியதுதானே? உனக்குக் கடவுள் பிரசாதம் கொடுத்தாலும் மோந்து பாத்துத்தான் வாங்குவே" என்று சிரித்தார். பிறகு, புதிதாக வந்திருந்தவனையும் என்னோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தப் புதியவன்தான் எனக்கு அடுத்த சந்தேகம். யாழ்ப்பாணத்துக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். விசிட் விசாவில் வந்து ஒரு மாதமாக எங்களோடு வேலை பார்த்தான். விசா முடிய எட்டு நாள் இருந்தது. இந்த வண்டி நல்லபடியாக முடிந்தால் அவனுக்கு வேலை விசா போடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். அந்த வண்டியின் இங்கிலீஷ் ரிப்பேர் வழிகாட்டியை அவன் போனில் மடமடவென்று படித்தான். எனக்கு அது வராது. இவனை என் இடத்துக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்று முதல் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் வேலை. பவர் ஸ்டீயரிங் பம்பைக் கழற்றினோம், எண்ணெய் ஒழுகும் ஹோஸ்களைக் கழற்றினோம், புது ஸ்டீயரிங் பாக்ஸை ஏற்றினோம். இறுக்கி முடித்த நட்டில் பெயிண்ட் புள்ளி வைப்பது எங்கள் கராஜ் வழக்கம். யார் இறுக்கியது என்று பிறகு தெரிய வேண்டுமே. என்னுடையது மஞ்சள், அவனுடையது வெள்ளை. அந்த வழக்கத்தை அங்கே கொண்டுவந்ததே நான்தான்.

நான்காம் நாள் காலையில் மேனேஜரே வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்டீயரிங் வலப்பக்கமே இழுத்துக்கொண்டு போகிறது என்றார். பவர் இருந்திருந்தால் இது கைக்குத் தெரிந்தே இருக்காது. இப்போது பிடித்துப் பிடித்து அவர் தோளே வலித்துவிட்டதாம்.

"இது யார் வேலை?" என்று கேட்டார்.

"நான் செஞ்சதெல்லாம் சரியா இருக்கு சார். அவன் இறுக்கினதைப் பாருங்க" என்றேன். கீழே குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

அவன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். இரண்டு நிமிஷம் கழித்து எழுந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். வாயே திறக்கவில்லை. மாட்டிக்கொண்டவன் முழிப்பு இது என்று எனக்குள் ஒரு திருப்தி. "சரி, விசா வேண்டாம். டிக்கெட் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போனார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அவன் தப்பைக் கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று நானே அடியில் படுத்தேன். வெள்ளைப் புள்ளி வைத்த நட்டுகள் ஒன்றுவிடாமல் சரியாக இருந்தன. கடைசியில் ஐட்லர் ஆர்முக்கு வந்தேன். ஸ்டீயரிங் கம்பியை வலது பக்கம் தாங்கிப் பிடிக்கிற கை அது. அதற்குள் ரப்பர் இருக்கிறது. சக்கரம் நேராக நிற்கும்போதுதான் அதன் நட்டை இறுக்க வேண்டும். திருப்பி வைத்து இறுக்கினால், ரப்பர் முறுக்கிக்கொண்டு எப்போதும் அந்தப் பக்கமே இழுக்கும். நட்டைத் தளர்த்தினேன். உள்ளே ரப்பர் சட்டென்று முறுக்கு விட்டது. நட்டில் மஞ்சள் புள்ளி.

எல்லாம் ஞாபகம் வந்தது. ஸ்பேனர் நுழையவில்லை என்று சக்கரத்தை வலப்பக்கம் திருப்பி இறுக்கியவன் நான்தான். டீ குடித்துவிட்டு வந்து தளர்த்தி, நேராக வைத்து மறுபடி இறுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அப்படியே மறந்துபோனேன். அடுத்து நான் செய்ததைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் தொட்ட துணியால் முதலில் அந்த மஞ்சளைத் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் சக்கரத்தை நேராக்கி நட்டை இறுக்கினேன்.

மறுநாள் வண்டி அம்பு போல நேராகப் போனது. அரபி வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். எதற்காக இந்த மாற்றம் என்று கேட்டேவிட்டேன். பம்பு எண்ணெய் ஒழுகி வீட்டு வாசல் பளிங்கைக் கறையாக்குகிறதாம், எத்தனை முறை சரிசெய்தும் நிற்கவில்லையாம். அவ்வளவுதான். அதற்குத்தான் நான் மூன்று நாள் தூக்கம் கெட்டிருந்தேன்.

அவர் போனதும் யாழ்ப்பாணத்துக்காரனிடம் போய் நின்றேன். "தம்பி, அந்த நட்டு நான் இறுக்குனது."

"தெரியும் அண்ணை. அண்டைக்கே கீழ படுத்துப் பாத்தனான். மஞ்சள்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"விசிட் விசாவில வந்தவன் சொன்னா ஆர் நம்புவினம்? நீங்களே கழட்டிப் பாத்திட்டுச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

நேரே மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். என் பார்வையை என் மேலேயே யாரோ திருப்பிவிட்டது போல இருந்தது.

"ரெண்டு பேரும் தமிழ்க்காரங்க. பாவம் பாத்து அவன் தப்பை உன் மேல போட்டுக்கறே, இல்லையா?"

"இல்ல சார், சத்தியமா என் மஞ்சள்தான் இருந்துச்சு."

"எங்கே, காட்டு."

காட்ட ஒன்றும் இல்லை. நான்தான் துடைத்துவிட்டேனே. அதையும் சொன்னேன். அவர் அதையும் நம்பவில்லை. "செருப்பு நகர்ந்தாலே பஞ்சாயத்து வைக்கிறவன் நீ. உன் நட்டு தப்பாகுமா? கலாஸ், முடிஞ்சுது, போய் வேலையைப் பாரு" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் போய்ச் சொன்னேன். அதற்குள் டிக்கெட் போட்டாகிவிட்டது.

வியாழக்கிழமை ரூம் வாசலில் அவன் பெட்டியை டாக்ஸியில் ஏற்றிக் கொடுத்தேன். அவன் கதவைச் சாத்தப் போய், நிறுத்தி, என்னைப் பார்த்தான்.

"அண்ணை, திரும்ப இறுக்கேக்கை சில்லு நேரா நிண்டதோ?"

"சக்கரம் நேராத்தான் இருந்துச்சு தம்பி" என்றேன்.

அவன் தலையாட்டினான். என் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டான்.