தீவிலிருந்து றோஸ் பேசுகிறேன்

இருட்டிய பிறகு எங்கள் பேஸ்மென்றில் கடல் இரைந்தது. ஸ்காபுரோவில், வோபர்ன் பக்கத்தில், நிலத்துக்குக் கீழே இரண்டு அறை. அங்கே கடலுக்கு என்ன வேலை? எங்கேயோ குழாய் வெடித்துத் தண்ணீர் பாய்கிறது என்றுதான் நினைத்தேன். கணவர் ட்ரக்கோடு அமெரிக்காவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தார். மூன்று வயது மகள் ஆரபியைக் கட்டிலில் விட்டுவிட்டு, கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்தபடி சுவரைத் தடவித் தடவிப் போனேன். உடுப்புக் குளோசெற்றுக்குள்ளிருந்து ஒரு கடற்பறவை கத்தியது. அங்கேயே குந்திவிட்டேன். வேலை முடிந்து கொம்பியூட்டரை மூட மறந்திருக்கிறேன்.

போய்ப் பார்க்காத ஊரைப் புகழ்ந்து விற்பதுதான் என் தொழில். கரீபியன் தீவொன்றில் சுற்றுலாக் கப்பல்கள் காலையில் வந்து கட்டும், பின்னேரம் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எதைப் பார்க்கலாம், எங்கே சாமான் வாங்கலாம் என்று பயணிகள் முன்கூட்டியே போனில் கேட்பார்கள். நான் குளோசெற்றுக்குள் கதிரை போட்டு, மாட்டியிருக்கும் சேலைகளுக்கு நடுவில் இருந்து பதில் சொல்வேன். என் பெயர் அங்கே றோஸ். தீவிலேயே இருக்கிற ஒருத்தியோடு பேசுகிறோம் என்று ஆட்கள் நம்பவேண்டும் என்பது கம்பனியின் கட்டளை. அதற்காகத்தான் பின்னால் கடல் இரைச்சல் ஓடும். அப்படிப் பேச வேண்டிய இங்கிலீஸ் ஊரில் படித்த கொன்வென்றில் கிடைத்தது. பொய் சொன்ன பிள்ளையை முழங்காலில் நிற்கவைத்ததும் அதே கொன்வென்றுதான். ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு இன்னொரு பெயரில் சிரிக்கிறவர்களே, உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

வெள்ளை மணல்

தை மாதம். எங்கள் யன்னல் நிலமட்டத்தில் இருக்கிறது, பாதிவரை பனி. பக்கத்து வீட்டுக்காரர் சவளால் பனியை வழிக்கிறார், எனக்கு அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு வயோதிப அம்மா கேட்டா, இப்போது அங்கே வெளியில் எப்படி இருக்கிறது என்று. கம்பனி எழுதித் தந்ததை வாசித்தேன்: இளங்காற்று, இதமான வெயில். வாசிக்கும்போது பல் கிட்டியது, குளோசெற்றுக்குள் சூடு வருவதில்லை.

“அதென்ன கரகரவென்று ஒரு சத்தம்?” என்றா.

கடற்கரையை வாரித் துப்புரவாக்குகிறார்கள் என்றேன். மணல் படத்தில் இருப்பதுபோல அவ்வளவு வெள்ளையா என்று கேட்டா. யன்னலைப் பார்த்தேன். படத்தைவிட வெள்ளை, அம்மா. அன்று முழுக்க நான் சொன்னவற்றில் உண்மைக்குக் கிட்ட வந்தது அது ஒன்றுதான். அவ பெருமூச்சு விட்டுச் சொன்னா:

“வெறுங்காலோடு ஓடிப்போய் அதில் நில் மகளே, எனக்காக.”

பூட்டாத கதவு

தனியாகப் பயணம் போகும் பெண்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: பயமில்லையா? அதற்கும் எங்களிடம் எழுதிவைத்த பதில் உண்டு. “எங்கள் தீவில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை, மேடம்.” கடைசிச் சொல்லில் சிரிப்புக் கேட்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். நான் நன்றாகச் சிரிப்பேன்.

அப்படிச் சிரித்துவிட்டுப் படுத்த ஒருநாள், விடியப்புறம், எங்கள் குசினியில் ஏதோ உரசிக் கேட்டது. மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இருட்டில் ஒரு ஆண், காலில் சொக்ஸ், கையில் உலக்கைபோல ஏதோ. அவர்தான் முதலில் கத்தினார், “ஐயோ பிள்ளை, நான்!” மேல் வீட்டு அங்கிள். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர். அவர்களுடைய பெரிய ஃப்ரீஸர் எங்கள் குசினியில்தான் நிற்கிறது. உறைந்த பாரை மீன் ஒன்றை வாலில் பிடித்திருந்தார். என்னைவிட அவருக்குத்தான் வெட்கம்; மீனைத் திரும்ப வைக்கிறதா கொண்டுபோகிறதா என்று தெரியாமல் நின்றார். நல்ல மனிதர். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இன்று மீனுக்கு வந்தது அங்கிள். மேலே ஆட்கள் வந்து போகிற வீடு, நாளைக்கு யாரோ?

அடுத்தநாள் அவருடைய மனைவி, வீட்டுக்கார அன்ரி, உடுப்புத் தோய்க்கக் கீழே வந்தா. எங்கள் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடலாமோ, செலவு என்னுடையது என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் உள்ளே போய்விட்டது. தமிழில் எனக்கு அப்படித்தான், பெரியவர்களுக்கு முன்னால் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவேன். அன்ரி தோய்த்த துவாயை உதறியபடி சொன்னா:

“ஒரு குடும்பம் மாதிரி இருக்கிறம், உதுக்குள்ள பூட்டு என்னத்துக்குப் பிள்ளை? கதவில ஓட்டை போட்டா கதவு பழுதாப்போம்.”

மோதிரம்

எந்தக் கடையில் நம்பி வாங்கலாம் என்று கேட்டால் நாங்கள் பெயர் சொல்லவேண்டிய நகைக்கடைகள் மூன்று. அவை ஏன் அந்த மூன்று என்று உங்களுக்கு விளங்கும். மனைவிக்கு மோதிரம் வாங்க ஆசைப்பட்ட ஒரு முதியவர் சும்மா விடவில்லை. “நீ அங்கே வாங்குவாயா? உண்மையைச் சொல்லு” என்றார். கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைத் தடவிக்கொண்டு, நான் போட்டிருப்பதே அந்தக் கடையில் வாங்கியதுதான் என்றேன். எங்கள் கொடி யாழ்ப்பாணத்தில் உருக்கிச் செய்தது. அதைத் தொட்டுக்கொண்டு எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியாது.

பயணம் முடிந்து அவர் திரும்பவும் போன் எடுத்தார். மோதிரத்தின் கல், கப்பலின் நீச்சல் குளத்தில் கழன்று விழுந்துவிட்டதாம். நான் ஏச்சுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மனைவி ஏதோ சொல்வது கேட்டது. அவர் தொண்டையைச் செருமினார்.

“உன்னை ஏசவேண்டாம் என்று என் மனைவி சொல்கிறாள். பாவம், நீயும் அந்தக் கடையில்தானே ஏமாந்திருக்கிறாய்.”

கிளி

இதை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

என் வேலை நேரம் பின்னேரத்தில் தொடங்கும். ஆரபிக்குச் சோறு தீத்தி, படம் போட்டுவிட்டுத்தான் குளோசெற் கதவைச் சாத்துவேன். அழைப்பில் பிள்ளைச் சத்தம் கேட்டால் வேலை போகும். ஒருநாள் அவள் கதவுக்கு வெளியே இருந்து “அம்மா... அம்மா...” என்று இழுக்கத் தொடங்கினாள். வாடிக்கையாளர் ஒரு பெண், பேச்சை நிறுத்திவிட்டு அது என்ன என்று கேட்டா. என் வாய் முந்திக்கொண்டது: முற்றத்தில் ஒரு கிளி.

சொல்லி முடித்ததும் காது சுட்டது. வாடிக்கையாளருக்கோ ஒரே சந்தோசம். கொஞ்சம் பொறு, கேட்போம் என்றா. கேட்டோம். கடல் இரைச்சலுக்கு நடுவே என் பிள்ளை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நான் பெறாதவள்போல இருந்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னா:

“அதற்கு யாரோ வேண்டும்போல இருக்கிறது. ஒருவரும் போய்ப் பார்க்கமாட்டீர்களா?”

மேல் வீட்டு அழைப்பு

குளோசெற்றின் கூரையில் சூட்டுக்காற்றுத் துவாரம் ஒன்று இருக்கிறது. அதன் வழியாகச் சூடு வராது, மேல் குசினிப் பேச்சு மட்டும் வரும். ஒருநாள் பின்னேரம் அதற்குள்ளால் அன்ரியின் குரல் இறங்கியது, இங்கிலீஸில்: “ஹலோ, ஐ ஆம் கோலிங் ஃப்ரொம் றொரன்ரோ.” ஒரு கணம் பிந்தி அதே வசனம் என் ஹெட்செற்றுக்குள்ளும் கேட்டது. அன்ரியும் றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் அவவின் தங்கச்சி குடும்பமும் கப்பலில் போகப்போவது எனக்குத் தெரியும். எங்கள் தீவுக்கு என்று தெரியாது.

துண்டிக்கலாம் என்றால் அழைப்புகள் பதிவாகின்றன. கொன்வென்ற் இங்கிலீஸை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றமுடியுமோ அவ்வளவுக்கு ஏற்றி, “தீவிலிருந்து றோஸ் பேசுகிறேன்” என்றேன். அன்ரி கேட்டது கொஞ்சமில்லை. தண்ணீரில் இறங்காமல் பார்க்கக்கூடிய இடங்கள் எவை? அங்கே நகை இருபத்திரண்டு கரற்றா, அல்லது பதினாலை வெள்ளைக்காரருக்கு விற்கிறார்களா? வெள்ளிக்கிழமை நாங்கள் மச்சம் மாமிசம் தின்னமாட்டோம், சோறும் மரக்கறியும் கிடைக்குமா? கடையில் விலை பேசிப் பிந்தினால் கப்பல் நிற்குமா? எல்லாவற்றுக்கும் சொன்னேன். இடையில் ஆரபி வெளியிலிருந்து கூப்பிட்டாள். அன்ரி திடுக்கிட்டது துவாரத்தாலேயே கேட்டது. கிளி என்றேன். “தமிழில கூப்பிடுதே!” என்றா இங்கிலீஸில். எங்களிடம் தமிழ் விருந்தினர் நிறைய வருகிறார்கள், மேடம். அதையும் நம்பினா.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. கள்ளர் பயம் இல்லையா? நாக்கு தன்பாட்டில் சொல்லிவிட்டது: “எங்கள் தீவில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை, மேடம்.”

“பார்த்தீரா!” என்றா அன்ரி. “இதைத்தான் நானும் சொல்லுறது. கீழே வாடகைக்கு இருக்கிற பெட்டை தாழ்ப்பாள் வேணுமாம். நான் வந்ததும் நீர் சொன்னதைச் சொல்லி அவளுக்கு விளங்கப்படுத்துறன்.”

என் சிரிப்பே என் கதவை நிரந்தரமாகத் திறந்துவைக்கப் போகிறது. எழுதித் தந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். வேலை போனால் போகட்டும் என்று துணிந்தேனா, பயத்தில் உளறினேனா, இப்போதும் தெரியாது. “இல்லை மேடம்,” என்றேன். “அது விளம்பரத்துக்குச் சொல்வது. எனக்கு ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறாள், கணவர் இரவில் இல்லை. கதவில் தாழ்ப்பாள் இல்லாவிட்டால் நான் விடியும்வரை முழித்திருப்பேன். உங்கள் வீட்டில் இருக்கும் அந்தப் பெண்ணும் அப்படித்தான் முழித்திருப்பாள்.” றோஸ் சொன்ன முதல் உண்மை அது. என் சொந்தக் குரலில் இதில் பாதிகூட வந்ததில்லை.

மறுநாள் அன்ரி உடுப்புக் கூடையோடு இறங்கி வந்து மெஷினில் சாய்ந்துகொண்டா. “தீவுக்கு அடிச்சுக் கதைச்சனான் பிள்ளை. அங்க றோஸ் எண்டு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. என்ன இங்கிலீஸ்! அவளுக்கும் உம்மை மாதிரிச் சின்னப் பிள்ளையாம். அவள் சொல்லத்தான் எனக்குச் சுரீரெண்டுது. அங்கிளைத் தாழ்ப்பாள் வாங்கிவரச் சொல்லியிருக்கிறன்.” நான் குனிந்து தரையில் கிடந்த சின்னச் சொக்ஸைப் பொறுக்கினேன். முகத்தை வைத்துக்கொள்ள வேறு இடமில்லை. படியேறப் போனவ திரும்பிப் பார்த்துச் சொன்னா:

“நீர் ஒருநாளும் இப்பிடி விளங்கச் சொல்லேல்லையே.”

உள்ளே இருந்து

அங்கிள் ட்ரில்லோடு வந்தார். பேசாத மனிதர், குனிந்தபடி வேலையைப் பார்த்தார். ஆரபி பக்கத்தில் குந்தியிருந்து விழுகிற மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தாள். கடைசி ஆணியை முறுக்கிவிட்டு, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, விட்டுப் பார்த்து, பிறகு அவளுடைய தலையில் கையை வைத்தார்.

“தீவுக் கிளிக்குச் சாப்பாடு குடுத்தாச்சோ, பிள்ளை?”

மேல் குசினியில் அந்தத் துவாரத்துக்குப் பக்கத்துக் கதிரையில்தான் அங்கிள் பின்னேரத் தேத்தண்ணி குடிக்கிறவர். அன்ரியின் காதில் போனுக்குள்ளால் போன குரல், அவருடைய காதில் நிலத்துக்குள்ளால் ஏறியிருக்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் இல்லை அங்கிள் என்றேன். அவர் சாமான்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார்.

“முதல்ல அதைப் பாரும். அன்ரிக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. இனி மீன் வேணுமெண்டா கதவைத் தட்டுறன்.”

அவருடைய காலடிச் சத்தம் படியேறி முடியும்வரை நின்றேன். பிறகு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என் பெயரில் கேட்டுக் கிடைக்காமல், நான் போகாத தீவிலிருந்து இல்லாத ஒருத்தி வாங்கித் தந்த அந்தத் தாழ்ப்பாளை, வெட்கத்தோடுதான் என்றாலும், இழுத்து உள்ளே இருந்து பூட்டினேன்.