பை விரிக்கிற ஸ்டாண்டும் நானும்

கடையில் சாமான் போட்டுக் கொடுக்கிற வேலையில் கனமானது அரிசியுமில்லை, தேங்காயுமில்லை. வாய் திறக்காத பைதான். ஒரு கையால் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பருப்பைப் போட, பை மூடிக்கொண்டு, பருப்பு வெளியே விழுந்து, வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் உங்களையே பார்த்த அனுபவம் உண்டா? அப்படியென்றால் நீங்களும் எங்கட ஆள்தான். பக்கத்தில் வந்து இருங்கள்.

நான் வேலை செய்வது திருகோணமலையில், உட்துறைமுக வீதிப் பக்கமாக இருக்கிற ஒரு பலசரக்குக் கடையில். முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்று கூப்பிடுவோம். காசு வாங்குகிறவள் பர்ஸானா. அவள் விலை அடித்துத் தள்ளிவிடுகிற சாமானைப் பையில் போடுகிறவள் நான், ஸ்டெல்லா. முந்தி பொலித்தீன் பையை விரலால் தேய்த்து விரித்தால் வேலை முடிந்தது. பைக்கும் காசு என்று வந்த பிறகு சனம் வீட்டிலிருந்தே பை கொண்டுவருகிறது. கோழித்தீன் சாக்கில் தைத்த பை, மகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த பை, துணிக்கடையின் பெயர் அழிந்துபோன பை, கைப்பைக்குள் சுருட்டி வைத்து வைத்தே சுருண்டுபோன பிளாஸ்டிக் பை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று: விட்டால் மூடிக்கொள்ளும்.

ஹாஜியார் கொழும்புக்குப் போய் வந்தது

மீன் சந்தைப் படியில் வழுக்கி விழுந்து என் இடது மணிக்கட்டு முறிந்துபோனது. பிளாஸ்டர் வெட்டின பிறகும் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. வீட்டில் உழைக்கிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் கை சரி என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். வந்த முதல் கிழமையிலேயே பையைப் பிடித்திருந்த இடது கை நழுவி, ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் நிலத்தில் விழுந்து உடைந்தது. அன்று முழுக்க கடைக்குள் வந்தவர்கள் எல்லாரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார்கள்.

ஹாஜியார் ஏசவில்லை. என் கையைப் பார்த்தார், தாடியைத் தடவினார், உள்ளே போய்விட்டார். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்த நாட்களில், எனக்குப் பதிலாக வேறு ஆள் பார்க்கத்தான் போயிருக்கிறார் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் கையில் குடை மாதிரி மடித்த ஒரு கம்பிச் சாமான் இருந்தது. இழுத்து விரித்தால் கீழே நாலு கால், மேலே இரண்டு கை, கைகளின் நுனியில் கொளுக்கி. பையின் இரண்டு பிடியையும் கொளுக்கிகளில் மாட்டிவிட்டால், பசித்த குருவிக்குஞ்சு மாதிரி பை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். வேலை முடிந்தால் மடித்துச் சுவரில் சாத்தலாம். ஹாஜியார் அதை என் முன்னால் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்கு ஒரு கை வாங்கிட்டு வந்திரிக்கன் ஸ்டெல்லா. நோகுது எண்டும் சொல்லாது, லீவும் கேக்காது."

கமலா ரீச்சரின் முழங்கால்

புதுச் சாமான் என்றால் எங்கள் ஊரில் எல்லாரும் ஒருக்கால் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும். முதல் இரண்டு நாளும் சாமான் வாங்க வந்தவர்களைவிட, கொளுக்கியை ஆட்டிப் பார்க்க வந்தவர்கள்தான் கூட. ஒரு ஓட்டோக்காரர் அதன் கையில் தன் தொப்பியை மாட்டிப் பார்த்தார். பர்ஸானா மடிக்கப் போய் விரலில் கடி வாங்கினாள்.

கமலா ரீச்சர் ஓய்வுபெற்றவர். இரண்டு முழங்காலிலும் வாதம். வரிசையில் நிற்கும்போது ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்பார். அவருடைய முறை வந்ததும் நான் பையை வாங்கி, நீவி, ஸ்டாண்டில் மாட்டி, கால்கள் ஆடாமல் இருக்கிறதா என்று குனிந்து சரிபார்த்தேன். ரீச்சர் மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை வாங்கில் இருப்பவனைப் பார்க்கிற பார்வை.

"பைக்கு வடிவா இருக்கை போட்டுக் குடுக்கிறியள். நிண்டு நிண்டு சாகிற எங்களுக்கு ஒரு கதிரை இல்லையோ?"

வெள்ளிக்கிழமை

அன்று பின்னேரமே ஹாஜியார் ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து வைத்தார். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

சலீம் நானா இறக்கக்கண்டியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டு, பஸ் ஏறுவதற்கு முன் எங்களிடம் வீட்டுச் சாமான் வாங்குவார். மிகவும் தன்மையான மனிதர். ஆனால் மீன் கொண்டுவருகிற அதே பையில்தான் சாமானும் போகும். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய பையை மாட்டி, அரிசியும் மாவும் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அடுத்து நின்றவர் கோயிலுக்குப் போய்விட்டுத் திருநீற்றோடு வந்த ஒரு அம்மா. அவருடைய பையை மாட்டப் போனேன். அவர் மூக்கைச் சுளித்து, பையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பிள்ளை, வெள்ளிக்கிழமை என்ர பையும் என்னோட விரதம்" என்றார். நான் ஓடிப்போய் ஒரு தேசிக்காயை வெட்டி, கொளுக்கி, கை, கால் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். அம்மா பொறுமையாக நின்று, நான் தவறவிட்ட ஒரு இடத்தையும் காட்டித் தந்தார்.

வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்ற சலீம் நானா எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை, நன்றாகத் தோய்த்த பையோடு வந்து, வாசற்படியில் நின்றபடியே கேட்டார்:

"இண்டைக்கும் ஸ்டாண்டுக்கு விரதம்தானே தங்கச்சி? அப்ப நான் கையில பிடிக்கிறன், நீங்க போடுங்க."

தானே எடுத்துக்கொண்டவர்

எங்கள் ஊர் மான்கள் காட்டில் இல்லை, ரோட்டில்தான். பஸ் வந்தாலும் தங்கள் பாட்டில் நின்று, டிரைவர் ஹோர்ன் அடித்து அலுத்த பிறகுதான் விலகும். குப்பையில் கிடக்கிற பொலித்தீனைத் தின்று செத்துப்போனவையும் உண்டு.

ஒரு மத்தியானம், கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், வேலை செய்கிற ஒரு பெண் கீரையும் கரட்டும் வாங்கிவிட்டு, "பால்மா மறந்திட்டன்" என்று உள்ளே போனாள். பை வாசலோரம் ஸ்டாண்டில் வாய் திறந்தபடி நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பி முட்டையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். பர்ஸானா "அல்லாஹ்!" என்று கத்தவும் திரும்பிப் பார்த்தால், ஒரு பெட்டை மான் கழுத்துவரை பைக்குள். கத்தின சத்தத்தில் அது மிரண்டு தலையைத் தூக்க, பை கொளுக்கியிலிருந்து கழன்று, பிடி கழுத்தில் மாட்டிக்கொண்டது. கண் தெரியாமல் அது அப்படியே வீதியில் பாய்ந்தது. குச்சவெளி பஸ் வருகிற நேரம். நானும் பின்னால் ஓடினேன், செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

எதிரே நின்ற ஓட்டோக்காரர் யோகன் தன் ஓட்டோவை ரோட்டுக்குக் குறுக்கே விட்டார். பஸ் கிரீச்சிட்டு நின்றது. யோகன் இறங்கி, மானின் கழுத்தை ஒரு கையால் அணைத்து, மற்றக் கையால் பையை மெல்ல இழுத்தார். வெளியே வந்த முகத்தில் வாய் நிறையக் கீரை. அது மென்றுகொண்டே எங்களை ஒருக்கால் பார்த்துவிட்டு, கடற்கரைப் பக்கம் ஆறுதலாக நடந்து போனது. யோகன் வெறும் பையை உதறி என்னிடம் நீட்டினார்:

"இந்தாங்கோ அக்கா. அவ சாமான் மட்டும் எடுத்திட்டா. பை வேண்டாமாம்."

நவாஸின் திட்டம்

நவாஸ் ஹாஜியாரின் மருமகன். கடையின் கொம்பியூட்டர் வேலையெல்லாம் அவர்தான். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணமே கிடையாது. அதனால்தான் அவர் சொன்னது எனக்கு இன்னும் கூடுதலாக நொந்தது. ஸ்டாண்டுதான் பையைப் பிடிக்கிறதே, சனம் தாங்களே சாமானைப் போட்டுக்கொள்ளட்டும், ஸ்டெல்லா அக்கா ராக்கையில் சாமான் அடுக்கட்டும் என்றார். மேல் தட்டுக்குப் பெட்டி தூக்க இரண்டு கையும் வேண்டும். அது ஏலாது என்று சொன்னால் வேலையும் ஏலாது என்றாகிவிடும். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, தேயிலைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நெஞ்சில் சாய்த்துச் சாய்த்து ஏற்றினேன். எனக்கு உதவிக்கு வந்த ஸ்டாண்ட் என் இடத்தில் நிற்பதை ராக்கை இடுக்கால் பார்க்கப் பார்க்க அழுகைதான் வந்தது.

சனமோ மெத்தென்ற பாணை அடியில் போட்டுப் பூசணிக்காயை மேலே வைத்தது. தேயிலைக்கு மேல் சவர்க்காரத்தைப் போட்டது. வரிசை வாசலைத் தாண்டியது. அப்போது இராசநாயகம் ஐயாவின் முறை வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி காலமாகி, பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு பாணும் ஒரு தயிரும்தான் வாங்குவார், ஆனால் ஒவ்வொரு நாளும் வருவார். பையை மாட்டிவிட்டு, ஒன்றும் போடாமல் சும்மா நின்றார். "போடுங்க ஐயா, லேசுதான்" என்றார் நவாஸ். ஐயா ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்தார். கிரேன்காரன் கண்ணால் அதன் மூட்டுகளையும் பார்த்தார்.

"தம்பி, பையை வடிவாத் திறந்து வைச்சிருக்கு, குறை சொல்ல ஏலாது. ஆனா 'நேற்று இருமினீங்களே, இண்டைக்கு எப்பிடி' எண்டு ஒருக்காக்கூடக் கேக்கேல்லையே."

தீபாவளிக்கு முதல் நாள்

அடுத்த நாள் நவாஸே வந்து, "அக்கா, நீங்க உங்கட இடத்துக்கு வாங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டார். அதோடு எல்லாம் சுகம் என்று நினைத்திருந்தேன். தீபாவளிக்கு முதல் நாள், கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், ஒரு பை தேங்காயின் பாரம் தாங்காமல் ஸ்டாண்டின் ஆணி முறிந்து, அது சப்பென்று படுத்துவிட்டது. வெல்டிங் கடையில் ஒட்டிக்கொண்டுவர நவாஸ் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் ஒற்றைக் கையோடு நின்றேன்.

முன்னால் நின்றவர் காசு எண்ண வேண்டும், அவருக்கும் பை பிடிக்கக் கை இல்லை. அவருக்குப் பின்னால் நின்ற மனுசன் பையை வாங்கி விரித்துப் பிடித்தார். அவருடைய முறை வர, அவருக்குப் பின்னால் நின்ற பெண் பிடித்தாள். யாரும் சொல்லவில்லை, அப்படியே ஒரு முறையாகிவிட்டது. வரிசை ஓடத் தொடங்கியது. அப்போதுதான் பார்த்தேன்: பரமேஸ்வரி அக்கா வருகிறா, அவவுக்கு நேர் பின்னால் ராணி அக்கா. இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. வேலிக்கு மேலால் சாய்ந்த முருங்கையை வெட்டினதில் தொடங்கி, முகம் பார்த்துப் பேசாமல் வருசக் கணக்கு. ஒருத்தி கடைக்குள் வந்தால் மற்றவ சவர்க்காரப் பக்கம் போய்விடுவா. அன்று வரிசை நெருக்கத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

பரமேஸ்வரி அக்காவின் பையோ சுருண்ட பை. நான் மாவைப் போட்டேன், மூடிக்கொண்டது. சீனி சறுக்கிக்கொண்டு மேசை விளிம்புக்குப் போனது. ராணி அக்கா மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றா. திடீரென்று, வளையல் போட்ட இரண்டு கைகள் நீண்டு, பையின் வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தன. ஆளின் முகம் இன்னும் மின்விசிறியில்தான். பரமேஸ்வரி அக்காவும் நிமிரவில்லை. நெய்ப் போத்தல் போனபோது மட்டும், அதில் ஒரு கை தானாகக் கீழே போய் அடியைத் தாங்கிக்கொண்டது. எல்லாம் போட்டு முடிய, பரமேஸ்வரி அக்கா பையைத் தூக்கினா, இரண்டு அடி வைத்தா, திரும்பி வந்து ராணி அக்காவின் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றா. முன்னால் போனவர் திரும்பி வந்து பிடிப்பது அன்று முறையே இல்லை.

பர்ஸானாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப ரெண்டு பேரும் ராசியாகிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். ராணி அக்கா முதன்முறையாக மின்விசிறியை விட்டுக் கீழே பார்த்தா:

"கதைக்கமாட்டன் எண்டுதான் சொன்னனான். பை பிடிக்கமாட்டன் எண்டு ஆர் சொன்னது?"

இத்தனை பேருடைய பைகளுக்குள் கைவிட்டுப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் ஊர்ச் சனத்தின் மனசில் பெரிதாக ஓட்டையொன்றும் இல்லை, பைகளின் அடியில்தான்.