இடைவேளை வரைக்கும் போதும்

பாப்கார்ன் கவுன்டருக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்தபடி, கைபேசியில் கட்டைவிரலால் படத்தின் கிளைமாக்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார் சினிமா விமர்சகர். உள்ளே இப்போதுதான் இடைவேளை விட்டிருக்கிறார்கள்.

பத்திரிகை அலுவலகத்தில் 'ரெண்டரை' என்றால் எல்லோருக்கும் தெரியும். எந்தப் படமானாலும் ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம்தான். மூன்று கொடுத்தால் தயாரிப்பாளருக்குச் சொந்தக்காரர் என்பார்கள். இரண்டு கொடுத்தால் விளம்பரப் பிரிவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

"கொள்ளையடிக்கிற காமெடிப் படம்னா எனக்கு மொத ரீலே போதும்யா. அஞ்சு பேர், ஒரு லாக்கர், ஒரு துரோகி. அவன் துரோகியே இல்லன்னு கடைசியில சொல்லுவான். இதுக்கு எதுக்கு நான் முதுகு வலிக்க உக்காரணும்?" என்பார்.

நியாயம்தான். படத்தை எடுத்தவர்களே இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். 'புதுமை இல்லை, கத்தரி போட்டிருக்கலாம்' என்ற வாக்கியம் அவர் கைபேசியில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. பக்கத்துத் தூண்களில் சாய்ந்திருப்பவர்களும் அதையே எழுதுவதால், மறுநாள் 'விமர்சகர்கள் ஒருமித்த கருத்து' என்று செய்தி வரும். பொய்யில்லை, எல்லோரும் ஒன்றாகத்தானே காபி குடித்தார்கள்!

இந்த வெள்ளிக்கிழமை கூடுதலாக ஒரு வரி சேர்த்தார்: 'இரண்டாம் பாதியில் வரும் அடியாட்கள் வழக்கம்போல் மரக்கட்டைகள்.' அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்.

எழுந்து வந்தால் கூடத்தில் மச்சான். மனைவியின் தம்பி, நடிக்கிறேன் என்று நல்ல வேலையை விட்டவன்.

"மாமா, படம் பாத்தீங்கள்ல? ரெண்டாவது பாதியில, லிஃப்ட்ல மாட்டிக்கிற அடியாள் நான்தான்."

"நீயா? சொல்லவே இல்லையேடா!"

"போன தடவ எல்லார்கிட்டயும் சொன்னேன், சீனையே தூக்கிட்டாங்க. அதான். காலையில நானும் தியேட்டருக்குப் போனேன் மாமா. என் சீன் வந்ததும் பாக்க தைரியம் வரல, வெளிய ஓடிட்டேன். ஜனங்க சிரிச்சாங்களா? உங்க விமர்சனத்தக்கூட இன்னும் படிக்கல, உங்க வாயால கேக்கணும்னுதான். சிரிக்கலன்னா சொல்லிடுங்க. திங்கக்கிழமை டைல்ஸ் கடையில சேந்துடறேன்."

ரெண்டரை சட்டையைத் தேடினார்.

"அவன் உங்களத்தான் கேக்கறான்" என்று சமையலறையிலிருந்து மனைவி. "ஊரான் படத்துக்கெல்லாம் வாய் கிழியப் பேசுவீங்களே!"

"இருடா, வந்து சொல்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாலைக் காட்சிக்கு டிக்கெட் கொடுத்தவர், "காலையிலதானே பாத்தீங்க சார்? அவ்ளோ பிடிச்சுப் போச்சா?" என்றார். முன்வரிசையில்தான் இடம் கிடைத்தது. இடைவேளையில் எல்லோரும் எழுந்து போக, அவர் அசையவில்லை. லாக்கர் திறந்தது, அலாரம் அலறியது, அடியாட்கள் மாடிப்படியில் தடதடத்தார்கள். ஒருவன் மட்டும் லிஃப்டுக்குள் நுழைந்தான், கதவு மூடியது.

ரெண்டரை இருக்கையில் முழங்கால் ஊன்றி, திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இருட்டில் ஜனங்களின் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.