சாவி வாட்ச் சம்பந்தியும் குவார்ட்ஸ் மாமாவும்

இன்று காலை காபி குடிக்கும்போது என் மகன் சொல்கிறான், "குவார்ட்ஸ் வாட்ச்ல உயிரே இல்லம்மா. சாவி குடுக்கறதுதான் வாட்ச்!"

(இவன் மணி பார்ப்பது போனில்.)

அடேய், குவார்ட்ஸ் இல்லையென்றால் நீயே இல்லை!

அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, என் கல்யாணத் தேதியிலேயே சாலை மறியல் என்று அறிவித்துவிட்டார்கள்!

சின்னசேலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாப்பிள்ளை வீடு கள்ளக்குறிச்சி. ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரத்துக்கு அந்தப் பக்கம் வேனை நிறுத்திவிட்டு, மொத்தப் பேரும் சீர்த்தட்டோடு நடந்து வந்தார்கள். மறியல் செய்தவர்களே இரண்டு தட்டைத் தூக்கிவந்து பந்தலில் வைத்துவிட்டு, மறுபடி மறியலுக்குப் போனார்கள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம்.

ஐயர் முதலிலேயே சொல்லிவிட்டார், "ஏழரைக்கு மேல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். ஒம்பதுக்கு அடுத்த ஊர்ல முகூர்த்தம். பஸ் இல்ல, நடந்துதான் போவணும்."

நான் மணையில் உட்கார்ந்ததும் மாமனார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஏழு முப்பத்தஞ்சு. ராகு காலம் பொறந்துடுச்சி. தாலி கட்டக் கூடாது."

என் மாமனார் யார் தெரியுமா? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர்! அவர் விசில் ஊதினால்தான் பஸ் நகரும். தினமும் காலையில் எழுந்ததும் எண்ணி இருபது சுற்று சாவி கொடுப்பார். அந்த வாட்ச்சை மாமியாரைக்கூடத் தொடவிட மாட்டார்.

"ஐயரு போய்ட்டா இன்னா பண்றது சம்மந்தி?" என்றார் அப்பா.

"இன்னா பண்றது? ஆவணில வச்சிக்கலாம்."

டீ குடிக்கப் போகலாம் என்பது போலச் சொன்னார்!

ஏற்கெனவே இரண்டு வரன் இப்படித் தள்ளித் தள்ளியே இல்லாமல் போனவை. இந்த மாப்பிள்ளையை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆவணி வரைக்கும் யார் மனசு எப்படி மாறுமோ!

அப்போதுதான் என் தாய்மாமன் செல்வராசு சட்டைக் கையை மடித்தார். சிங்கப்பூரிலிருந்து வந்து நாலு மாதம். கையில் குவார்ட்ஸ் வாட்ச், முள் இல்லை, வெறும் நம்பர். ஊரில் அதைப் பார்க்காத ஆள் கிடையாது (பார்க்காதவர்களை வீடு தேடிப் போய்க் காட்டிவிட்டு வந்தார்).

"சம்மந்தி, மணி ஏழு இருவதுதான். இது குவார்ட்ஸு. சாவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். தூங்கினாலும் அதும்பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும்."

"இருவத்திரண்டு வருசமா இந்த வாச்சியில பஸ்ஸ அனுப்பிக்கினு இருக்கேன். எனக்கே மணி சொல்றியா?"

மற்ற நாளாக இருந்தால் ரயில் சத்தமோ, டவுன் பஸ் ஹாரனோ தீர்ப்பு சொல்லியிருக்கும். அன்றைக்கு எதுவும் ஓடவில்லை. பந்தலில் வேறு யார் கையிலும் வாட்ச் இல்லை. எங்கள் ரேடியோவில் செல் தீர்ந்திருந்தது. செல் வாங்கக் கடை இல்லை!

மாமா விடவில்லை. "சரிங்க, உங்க வாச்சிய எத பாத்து சரி பண்றீங்க?"

"காலையில வெள்ளிமல பஸ்ஸு அஞ்சு அம்பதுக்குக் கெளம்பும். அத பாத்து வைப்பேன்."

"அந்த பஸ்ஸுக்கு விசில் ஊதறது யாரு?"

"நான்தான்."

"எத பாத்து ஊதறீங்க?"

மாமனார் வாட்ச்சைப் பார்த்தார்.

"இத பாத்துதான்."

பந்தலில் சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது (அந்த இரண்டு நிமிடமும் எனக்கு நஷ்டம்!). வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலைக்கே இத்தனை வருடமாக பஸ் கால் மணி முன்னாடி போயிருக்கிறது, ஒருத்தரும் கேட்கவில்லை.

மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. எட்டி மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

"இன்னாய்யா இது? இதுல ஒம்பது அம்பத்தஞ்சுன்னு இருக்குது!"

மாமா நெளிந்தார். "அது சிங்கப்பூரு மணிங்க. எந்த பட்டன அமுக்கி மாத்தறதுன்னு தெரியல. அமுக்கினா ஏதாவது ஆயிடுமோன்னு பயம். ரெண்டரை மணி கம்மி பண்ணிக்கணும்."

"ரெண்டரை மணி தப்பா ஓடற வாச்சிய கட்டிக்கினு எனக்குப் பாடம் எடுக்கறியா?"

இப்போது பந்தல் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஐயர் பஞ்சாங்கத்தைப் பையில் வைத்து எழுந்தே விட்டார்.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து உதவி வராது என்று புரிந்துவிட்டது.

கல்யாணப் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பார்கள். மாமனாரைப் பார்த்துத் திறந்தேன்.

"மாமா, ஒங்க வாச்சிதாங்க சரி. ராகு காலம் பொறந்துடுச்சி."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா சிங்கப்பூரு வாச்சியில ஒம்பது மணிக்கே முடிஞ்சும் போச்சுங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். மாமாவின் கையைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் யோசிக்கிற மாதிரி தாடையைத் தடவினார். பிறகு பெரிய குரலில் அறிவித்தார்.

"மருமவ சொல்றது கரெக்ட்டு! ஒம்பது அம்பத்தஞ்சு, நல்ல நேரம். கெட்டி மேளம்!"

மூன்று முடிச்சும் விழுந்தது. ஐயர் தட்சிணையை வாங்கிக்கொண்டு ஓட்டமாக ஓடினார்.

மறுவாரம் மாமனார் என் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, அதே மாதிரி வாட்ச் ஒன்று வேண்டும் என்றாராம். "பட்டன மட்டும் யாரையும் தொட வுடாத. எனக்கும் சிங்கப்பூரு மணியிலயே குடு. சமயத்துக்கு ஒதவுது."

இப்போது ஒரு சந்தேகம், நண்பர்களே. என் கல்யாணம் நடந்தது ஏழு இருபத்தைந்துக்கா, ஏழு நாற்பதுக்கா, ஒன்பது ஐம்பத்தைந்துக்கா? ஜோசியர் கேட்கிறார், என்ன சொல்லட்டும்?