அக்னித் தலத்தில் ஒரு பீச் மரம்

கார்த்திகை தீபம் முடிந்துவிட்டால் திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விடும். அருணாதேவி மட்டும் அந்த ஆண்டு ஓயவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டு வாசலில் பச்சைப்பசேலென்று நின்ற தன் பீச் மரத்தின் இலைகளை ஒன்றுவிடாமல் உருவத் தொடங்கினாள். தெருவே நின்று பார்த்தது.

ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் அவள். வேன் ஓட்டும் கணவன் சக்திவேல், ஊட்டிக்குச் சவாரி போனபோது பீச் பழங்கள் வாங்கி வந்தான். எல்லோரும் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பினார்கள். அவள் பொறுக்கி வைத்தாள். ஈரத்துணியில் சுற்றி, பிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் காத்தாள். ஒரு குளிர்காலத்தைக் கடந்துவிட்டோம் என்று நம்பினால்தான் அந்த விதை கண் திறக்குமாம். அக்னித் தலத்தில் குளிர் நாட்டுச் செடியா என்று ஊர் சிரித்தது. அது முளைத்தது. அவளைவிட உயரமாக வளர்ந்தது. ஆனால் பூக்கவே இல்லை.

கொழுந்தன் புகழேந்திக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்களின் வண்டிகளை நிறுத்த அங்கே ஷெட் போட நினைத்தான். வாசலில் அவனுக்கும் பாத்தியதை உண்டு, மறுக்க முடியாது. கடைசியில் மாமியார் வெள்ளையம்மாள் தீர்ப்புச் சொன்னாள். பொங்கலுக்குள் ஒரு பூவாவது பூத்தால் மரம் நிற்கும்; இல்லாவிட்டால் வெட்ட வேண்டியதுதான்.

அருணாதேவி ஒப்புக்கொண்டாள். தண்ணீரை நிறுத்தி இலையை உருவிவிட்டால், பனிக்காலம் வந்ததாக எண்ணி மரம் உறங்கும், விழிக்கும்போது பூக்கும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். அதைத்தான் செய்தாள்.

மார்கழிக் கோலத்துக்குப் பக்கத்தில் மரம் எலும்பும் தோலுமாக நின்றது. நல்ல மாதத்தில் வாசலில் மொட்டை மரமா என்று அக்கம்பக்கம் முகம் சுளித்தது. புருஷன் மேலுள்ள கோபத்தை மரத்தின் மேல் காட்டுகிறாயா என்று எதிர்வீட்டு சந்திரகலா கேட்டே விட்டாள்.

"அவரு மேல கோவம்னா அவரு தலையில முடி மிஞ்சியிருக்குமா சந்திரகலா?" என்றாள் அருணாதேவி, கை வேலையை நிறுத்தாமல்.

பொங்கலன்று காலை கிளையெங்கும் கண்கள் வெடித்திருந்தன. ஓடிப்போய்ப் பார்த்தாள். அத்தனையும் இலைத் துளிர். பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தவளின் கையில் மண் குளிர்ந்தது. ஈரம்! அரிசி களைந்த தண்ணீரின் வாடை. நிமிர்ந்தாள். வெள்ளையம்மாள் சொம்போடு நின்றிருந்தாள்.

"மொட்டையா நிக்கிறத பாக்க முடியலடி அருணா. தாகத்துல செத்துடும்னு தெனமும் கழனித்தண்ணி ஊத்தினேன்."

மரம் உறங்கவே இல்லை என்று அருணாதேவிக்குப் புரிந்தது. பகையாயிருந்தால் சண்டை போடலாம். இரக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

அதற்குள் புகழேந்தி அரிவாளோடு வந்துவிட்டான். குற்றம் தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்த மாமியாரின் கையை அருணாதேவி அழுத்திப் பிடித்தாள். கெஞ்சி வாங்கும் உயிர் தன் மரத்துக்கு வேண்டாம்.

"வெட்டுங்க தம்பி. பேச்சு பேச்சுதான். ஆனா ஒரு குச்சிகூட வெளிய போகக்கூடாது. எல்லாம் எனக்கு."

மரம் சாய்ந்தது. அவள் கண்ணீர் மாலை மாலையாக வழிந்தது. கை மட்டும் நிற்கவில்லை. பென்சில் பருமனுள்ள கொம்புகளைச் சாண் சாணாக நறுக்கி, அடியைச் சாய்வாகச் சீவி, கற்றாழைச் சோற்றில் தோய்த்து, மணலும் எருவும் நிரப்பிய பைகளில் ஊன்றினாள்.

இதற்காவது தண்ணீர் ஊற்றலாமா என்று வெள்ளையம்மாள் பயந்து பயந்து கேட்டாள்.

"இதுக்கு ஊத்தலாம் அத்தை," என்றாள் அருணாதேவி. "நீங்களே ஊத்துங்க."

பாதி அழுகியது. கொஞ்சம் வெயிலில் கருகியது. மிச்சம் வேர் பிடித்தது. மழைக்காலம் தொடங்கியதும் அவற்றைச் சுமந்துகொண்டு, தன்னைப் பார்த்துச் சிரித்த வீடுகளின் கதவைத்தான் முதலில் தட்டினாள். சந்திரகலா வீட்டு வாசலில் ஒன்று. டீக்கடை ஓரத்தில் ஒன்று. தெருக்கோடி வரைக்கும் போயிற்று.

ஷெட்டில் நின்று பார்த்த புகழேந்திக்கு வியப்பா எரிச்சலா என்று அவனுக்கே தெரியவில்லை.

"இன்னா அண்ணி, ஒண்ண வெட்டினா தெரு பூரா நட்டுட்டீங்க?"

"வாசலுக்கு வாசல் அருவாள தூக்கினு போக முடியுமா தம்பி?"

"எப்பதான் பூக்குமாம்?"

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் திரும்பினாள்.

"பூக்கறப்ப பூக்கும். இனிமே அதுக்கு யாரும் கெடு வெக்க முடியாது."